கார் வாங்கப் போகிறீர்களா?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களிலே கொஞ்ச நாளாக ஒரு புதுக் கேள்வி தலைகாட்டுகிறது. "எங்கள் வீட்டில் கார் வாங்குவதாக முடிவாகிவிட்டது. எந்தக் கார் வாங்கலாம்?" என்று சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். முடிவு செய்தது யார் என்று கடிதத்தில் இராது. ஆனால் கடைசி வரியில் மட்டும், "கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போடவேண்டுமாம்" என்று இருக்கும்!

நான் மோட்டார் நிபுணன் அல்ல. ஆகையால் இந்தக் காரை வாங்குங்கள், அந்தக் காரை வாங்காதீர்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலத்திலே இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1960களில் கார் என்றால் அம்பாஸடர், பம்பாய் ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவைதான். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டும். 1983 டிசம்பர் 14ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை அதை வாங்கியவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குக் கார் வர ஆரம்பித்தது. 2014இல் அம்பாஸடரும் நின்றது, மாருதி 800ம் நின்றது. இன்றோ கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றுகிறது. கார் கிடைக்காதது அன்றைய கஷ்டம். எதை எடுப்பது என்று தெரியாதது இன்றைய கஷ்டம்.

சரி, ஸ்ரீவைகுண்டத்துக்குப் போவோம்.

2025 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா இப்போது இல்லை. பெரியம்மைக்கு வயது 74. அண்ணனுக்கு மதுரையில் உத்தியோகம். சனிக்கிழமை ராத்திரி வந்து, திங்கட்கிழமை விடியற்காலம் போய்விடுவார். மதினி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சுக் காதில் விழுந்தது.

"வாங்க தம்பி. நல்ல நேரத்திலே வந்திய. ஒங்க அண்ணன் கார் வாங்கப் போறாஹளாம்" என்றார் மதினி. அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கலவரமும் இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 1 மணிக்குப் பெரியம்மைக்கு நெஞ்சடைப்பது போல் வந்துவிட்டது. தெரிந்த டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேர், போனை எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டு ஆட்டோக்காரப் பையன்தான் எழுந்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மதுரையிலிருந்து பதறியடித்து வந்த அண்ணன், "இனிமேல் இந்த வீட்டிலே ஒரு கார் நிற்கணும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு புரோக்கரும் அதற்குள் வந்துவிட்டார். ஐந்து வருஷம் ஓடிய பெரிய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். மற்ற இடத்தைவிட விலை ஒன்றரை லட்சம் குறைவு. ஆறரை லட்ச ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். கையிலிருந்து ஒன்றரை லட்சம், மீதி 5 லட்சம் கடன். 7 வருஷத் தவணை என்றால் மாதம் 8,301 ரூபாய்தான். "டாக்ஸிக்கே அதுக்கு மேலே குடுக்கோமே!" என்றார் அண்ணன்.

கையிலிருக்கும் பணம் என்ன தெரியுமா? மதினி கட்டி எடுத்த சீட்டுப் பணம் இரண்டரை லட்சம். அதோடு மகளின் கடைசி இரண்டு வருஷப் படிப்புக்கென்று பாங்கியில் போட்ட பணம். ஒன்றரை லட்சம் முதலில் போனால், இன்ஷூரன்ஸ், பேர் மாற்றம், டயர் என்று மீதிச் சீட்டுப் பணமும் போய்விடும். மாதத் தவணை கட்டக் கஷ்டம் வந்தால் அடுத்தபடியாக உடைபடுவது மகளின் படிப்புப் பணம்தான். மதினியின் முகத்தில் இருந்த கலவரம் எனக்குப் புரிந்தது.

"எந்தக் கார்னு நீங்க சொல்லுங்க தம்பி. நீங்கதான் பத்திரிகையிலே எழுதுதவுஹ."

"எந்தக் கார் என்பது கடைசிக் கேள்வி மதினி. அதுக்கு முன்னாலே மூணு கேள்வி இருக்கு. ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்க" என்றேன்.

எதற்கு?

முதல் கேள்வி, கார் எதற்கு? "அவசரத்துக்கு" என்பது பதில் அல்ல. போன மாதம் எங்கெங்கே போனோம் என்று எழுதவேண்டும். மதினி எழுதினார். பெரியம்மையை டாக்டரிடம் காட்டத் திருநெல்வேலிக்கு இரண்டு நடை. மகளைப் பார்க்க ஒரு நடை. திருச்செந்தூருக்கு ஒரு நடை. தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். திருநெல்வேலி இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 400 கிலோமீட்டர் வருகிறது. டாக்ஸிக்கு நடைக்குச் சுமார் 2,000 என்று வைத்தால் 10,000 ரூபாய்.

இனி அண்ணனுடைய வண்டி. தவணை 8,301. டீசல் சுமார் 2,900. இன்ஷூரன்ஸ் மாதத்துக்கு 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ், டயர் வகையில் இன்னொரு 2,000. ஆக 15,200 ரூபாய்! டாக்ஸியைவிட 5,000 கூடுதல்.

அந்த 8,301 இருக்கிறதே, அதுவும் ஒரு கண்கட்டு வித்தைதான். 10 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சத்தை 5 வருஷத்தில் அடைத்தால் மாதம் 10,624. மொத்தம் கட்டுவது சுமார் 6 லட்சத்து 37 ஆயிரம். அதையே 7 வருஷம் இழுத்தால் மாதத் தவணை குறையும், ஆனால் மொத்தம் கட்டுவது 6 லட்சத்து 97 ஆயிரத்துக்கு மேல். சுகமாகத் தெரியும் அந்தச் சின்னத் தவணைக்கு விலை 60,000 ரூபாய். போதாதற்குப் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி பொதுவாக இன்னும் அதிகம். வண்டியோ, தவணை முடியும்போது 12 வயதுக் கிழமாகியிருக்கும். தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும்.

இன்னொன்று. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. நெடுந்தூரம் வேகமாக ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து தீரும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு டீசல் வண்டி, ஒரு டம்ளர் காபிக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றின கதைதான்.

"அப்ப கார் வேண்டாங்குதியா?" என்றார் அண்ணன், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் வாங்குவது சேமிப்பு என்று மட்டும் சொல்லவேண்டாம் என்கிறேன். சௌகரியத்துக்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இதே திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார்தான் 1911இல் மதுரையில் பஸ் தொழிலை ஆரம்பித்தார். சொந்த வண்டி இல்லாமலே நேரத்துக்கு ஊர் போய்ச் சேரலாம் என்று தெற்கத்தி ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து மனிதர் என்பதில் எனக்குப் பெருமை. கணக்குப் போட்டுப் பார்த்து, பஸ்ஸும் டாக்ஸியும் போதும் என்று வந்தால் அதிலே கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

யார் ஓட்டுவது?

இரண்டாவது கேள்வியை நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. மதினியே கேட்டுவிட்டார்.

"அன்னிக்குச் செவ்வாக்கெழம ராத்திரி நீங்க மதுரையிலே இருந்திய. வாசல்லே கார் நின்னிருந்தா மட்டும் என்ன செஞ்சிருக்கும்? எங்களோட சேந்து அதுவும் முழிச்சிட்டு நின்னிருக்கும்!"

அண்ணன் வாய் திறக்கவில்லை. நேயர்களே, எத்தனை வீடுகளில் இந்த நிலைமை என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டத் தெரிந்தவர் வெளியூரில், அவசரம் வருவது உள்ளூரில். வாரத்தில் ஐந்து நாள் கொட்டகையில் உறங்கும் காருக்கு ஆறு லட்சம் எதற்கு?

நெஞ்சுவலி மாதிரி சமயத்தில் முதலில் செய்யவேண்டியது 108க்குப் போன் செய்வதுதான். 2008இலிருந்து தமிழ்நாட்டில் அந்த ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. அதில் பிராண வாயு இருக்கும், பயிற்சி பெற்ற ஆள் இருப்பார். நம் கார் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆம்புலன்ஸ் ஆகாது. அன்றைய பதற்றத்தில் வீட்டில் யாருக்கும் அந்த எண் ஞாபகம் வரவில்லை. மதினி உடனே எழுந்துபோய் அடுப்பங்கரைக் காலண்டரில் பெரிதாக 108 என்று எழுதினார். அந்த ஒரு காரியத்துக்குச் செலவு பூஜ்யம்!

மற்றப் பிரயாணங்களுக்கு? மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவது மதினி. மகளைப் பார்க்கப் போவது மதினி. அப்படியானால் ஓட்டவேண்டியதும் அவர்தானே?

"இந்த வயசிலே நீ கார் ஓட்டப் போறியாக்கும்?" என்றார் அண்ணன்.

"46 வயசு ஒரு வயசா? ஸ்கூட்டர்லே நாலு தெருவும் சுத்துதேன். அதிலே ரெண்டு சக்கரம் கூட இருக்கப் போவுது, அம்புட்டுத்தானே!"

ஆகவே முதலில் வாங்கவேண்டியது கார் அல்ல, லைசென்ஸ். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர உரிமத்துக்கான பரீட்சை. இந்த 30 நாளை வீண் என்று நினைக்காதீர்கள். பயிற்சிப் பள்ளி வண்டியில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு, நமக்கு எவ்வளவு பெரிய வண்டி பிடிபடும் என்று தெரிந்துவிடும். கடையில் பார்க்கும் கண்ணுக்கும் கோயில் தெருவில் எதிரே மாட்டு வண்டி வரும்போது பின்னால் எடுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. ஓட்டப்போகிறவர் உட்கார்ந்து, கால் எட்டுகிறதா, முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்காமல் எந்த வண்டியையும் முடிவு செய்யக்கூடாது.

எங்கிருந்து வந்தது?

பெரிய வண்டி ஆசை அண்ணனுக்கு இன்னும் போகவில்லை. "நாளைக்கு வண்டி வருது. ஒரு தடவை பாத்துருவோமே" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் கமகமவென்று தெருவுக்கே வந்தது.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்குக் கள்ளப்பிரான் என்று பெயர். திருடன் ஒருவனைக் காப்பாற்ற அவனுடைய வேஷத்தையே போட்டுக்கொண்டவர் என்பது ஸ்தல புராணம். அப்படிப்பட்ட ஊரிலே வேஷத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இருப்பார்களா? மதினி உள்ளே ஏறி உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். ஏதோ யோசித்தார். பிறகு முன் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து, முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தால் நறநறவென்று வண்டல்.

"சென்ட்டுக்கு அடியிலே வேற ஒரு வாடை அடிக்கி தம்பி. எங்க பீரோவிலே ஆறு மாசம் இந்த வாடைதான்" என்றார் மதினி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஸ்ரீவைகுண்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பிரயாணிகள் சிக்கிக்கொண்டார்கள். பலர் 19ஆம் தேதிதான் மீண்டார்கள். அதுவரை பக்கத்துக் கிராமத்து மக்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வீட்டையும் பாத்திரத்தையும் துணியையும் கழுவிக் கழுவிக் கை தேய்ந்தவர் மதினி. வண்டல் எங்கெல்லாம் போய் ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தண்ணீரில் நின்ற காரில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். காற்றும் பெட்ரோலும் போகவேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்து, அந்த நிலையில் என்ஜினைக் கிளப்பினால், தண்ணீரை அமுக்க முடியாமல் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். அதைக்கூட மாற்றிவிடலாம். வயரிங்தான் பொல்லாதது. இணைப்புகளில் பாசி பிடித்த மாதிரி மெல்ல மெல்லத் துருவேறும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிற்கும். உயிர் காக்கும் காற்றுப் பையை இயக்கும் மின்பெட்டி பொதுவாக வண்டியின் தரையை ஒட்டித்தான் இருக்கும். வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யுமா என்பதை விபத்து நடந்தபிறகுதான் தெரிந்துகொள்ள முடியும்!

இப்படிப்பட்ட வண்டி சந்தைக்கு எப்படி வருகிறது? பழுது பார்க்கும் செலவு, இன்ஷூர் செய்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டம் என்று கம்பெனி தீர்த்துவிடும். அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் பூசி மெழுகி மறுபடி விற்பதும் உண்டு. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் கார்கள் முழுகின. வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, எந்த ஊருக்கும் வரும். ஆகையால் 'எங்கள் ஊரில் வெள்ளமே கிடையாது' என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

குமரகுருபர சுவாமிகள் பிறந்ததும் ஸ்ரீவைகுண்டத்தில்தான். ஐந்து வயதுவரை பேசாமலிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தார் என்பார்கள். ஐந்து வயதுக் காரும் பேசும், கேட்கத் தெரிந்தவர்களுக்கு! சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பழைய வண்டியில் கம்பளம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் திருகாணிகளையும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், துரு காட்டிக்கொடுக்கும். ஹெட்லைட்டுக்குள் நீர் நின்ற கோடு தெரிகிறதா? என்ஜின் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரை, அவருக்குரிய கூலியைக் கொடுத்து, கூட அழைத்துப் போங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் வேண்டாம்.

காகிதமும் பேசும். புரோக்கர் நீட்டிய இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் 2024ஆம் வருஷத்ததை எடுத்து மதினியிடம் ஓர் இடத்தைக் காட்டினேன். 'நோ கிளெயிம் போனஸ்' என்று ஒன்று உண்டு. நஷ்டஈடு கேட்காமல் ஒரு வருஷம் ஓட்டினால் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து, ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம்வரை தள்ளுபடி கிடைக்கும். இந்த வண்டிக்கு அந்த வருஷம் தள்ளுபடி பூஜ்யம்! அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்தான். ஆனால், "முந்தின வருஷம் எதுக்கு நஷ்டஈடு வாங்கினாஹ?" என்று மதினி கேட்டபோது புரோக்கர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றரை லட்சம் விலை குறைந்த ரகசியம் விளங்கிவிட்டது.

வேறு சில ஜாக்கிரதைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 'பரிவாஹன்' தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், எத்தனையாவது சொந்தக்காரர், கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். கடன் இருந்த வண்டி என்றால், தீர்ந்துவிட்டது என்ற பாங்கியின் கடிதமும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகுதான் பணம். பேர் மாற்ற 29, 30ஆம் எண் படிவங்கள். 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வண்டி அடிபடும்போது நஷ்டஈடு கிடைப்பது சந்தேகம்.

வீட்டிலுள்ள பழைய வண்டியை விற்பவர்களுக்கும் இது பொருந்தும். பணம் வந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர், விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

உங்களிடம் கார் ஏற்கெனவே இருந்து, அது வெள்ளத்தில் நின்றுவிட்டால், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகவே கூடாது. அப்படித் திருகி என்ஜின் உடைந்தால், சாதாரணப் பாலிசியில் அந்தச் செலவு கிடைக்காது. என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்புச் சேர்த்திருந்தால்தான் உண்டு. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அந்தக் கொஞ்சப் பணத்தைப் பார்க்கவேண்டாம்.

கடைசியாக, எந்தக் கார்?

மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகு நாலாவது கேள்வி தானாகவே சுருங்கிவிட்டது. சின்ன வண்டி, பெட்ரோல் வண்டி, நல்ல சரித்திரமுள்ள வண்டி.

சின்ன வண்டி என்றால் மிகமிக மலிவான வண்டி என்று அர்த்தமில்லை. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று 2008இல் உலகமே வியந்த நானோவின் உற்பத்தி 2018இல் நின்றுபோயிற்று. விலை குறைவு ஒன்றே ஒரு வண்டியைக் காப்பாற்றுவதில்லை, நம்மையும் காப்பாற்றுவதில்லை. 2014இல் நம் நாட்டுச் சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2019 ஜூலை முதல் ஓட்டுகிறவருக்குக் காற்றுப் பை கட்டாயம். 2022 ஆரம்பத்திலிருந்து பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து 'பாரத் என்கேப்' என்று நம் நாட்டிலேயே நட்சத்திரம் கொடுக்கிறார்கள். பழைய வண்டி வாங்கினாலும் இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு, எந்த வருஷத்து வண்டி என்று பாருங்கள்.

புது வண்டியின் இன்றைய விலையையும் விசாரித்து வைத்துக்கொள்ளவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவிகிதம், மேற்கொண்டு ஈட்டு வரி வேறு. பழைய வண்டிக்காரர் பழைய கணக்கிலேயே விலை சொன்னால், சிரித்துக்கொண்டே இதைச் சொல்லுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் சொல்லும் விலைக்கு மேலே ஆயுள் வரியும் உண்டு என்பதை மறக்கவேண்டாம். 2023 நவம்பரில் உயர்த்தியபடி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம்வரையுள்ள வண்டிக்கு 13 சதவிகிதம். இன்ஷூரன்ஸை அந்தக் கடையிலேயே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

முடிவில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மதினி முதலில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் விற்ற சின்னக் காரை எடுத்தார்கள். ஒரே சொந்தக்காரர், சர்வீஸ் ரசீதுகள் ஒன்று விடாமல் ஒரு ஃபைலில்! விலை மூன்றரை லட்சம். சீட்டுப் பணம் இரண்டரை லட்சம், மீதி ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷக் கடன். மாதத் தவணை 3,227 ரூபாய். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. சீட்டுப் பணத்தின் வட்டியையும் வண்டியின் தேய்மானத்தையும் சேர்த்தால், டாக்ஸிச் செலவும் கார்ச் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மகளின் படிப்புப் பணம் பாங்கியில் பத்திரமாக இருக்கிறது. அதுதான் முக்கியம்.

தை மாதம் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். மதினி முதன்முதலாகப் பெரியம்மையைத் திருநெல்வேலிக்கு ஓட்டிக்கொண்டு போய்வந்த மறுநாள். அண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்து போனாராம்.

"மருமக எப்படி ஓட்டுதா பெரியம்மை?" என்று கேட்டேன்.

பெரியம்மை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் ஓட்டுதா ராசா. ஆனா திருநெல்வேலி போய்ச் சேருத மட்டும் ஒரு வார்த்தை பேசலை, ரோட்டையே பாத்துட்டு வந்தா. இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷத்திலே அவ வாய் மூடி நான் பாத்தது அன்னிக்குத்தான். அதுக்கே இந்தக் கார் தகும்!"